வாசிப்புக் கட்டவியல்: ஒரு முன்னாய்வு

எட்டு வயது முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் படிக்க வைக்க, பெரியவர்கள் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்ட அட்டையொன்றைக் கையில் கொடுக்கிறார்கள். கட்டத்துக்கு ஒரு விதி: 'நீல அட்டைப் புத்தகம்', 'தலைப்பில் விலங்கு', 'தலைப்பில் எண்', 'மழையில் படித்தது'. ஒரு வரிசை நிரம்பினால் பரிசு. இவ்விதிகளுக்கு இதுவரை உரை கண்டவர் இல்லை; அக்குறை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக் களம் எங்கள் வீட்டுக் கூடம். ஆய்வுப் பொருள் அக்கா மகள், வயது பதினொன்று.

முதலில் கணக்கு. 25 கட்டங்களில் குறுக்கே 5, நெடுக்கே 5, மூலைவிட்டம் 2 என 12 வரிசைகள். பெரும்பாலான கட்டங்களுக்கு 2 வரிசைகளில்தான் பங்கு, நடுக்கட்டத்துக்கோ 4. ஆகவே நடுவில் 'மாமா சொன்ன புத்தகம்' என்று எழுதினேன். அவள் அதைத் தொடாமலே சுற்றிப் போனாள்.

பிரிட்டன் நூலகங்களில் 1999 முதல் கோடை வாசிப்புச் சவால் நடக்கிறது. ஆண்டுக்கொரு கருப்பொருள், 2019இல் விண்வெளி. பொதுவாக ஆறு புத்தகம் படித்தால் போதும். இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப இங்க மட்டும் ஏன் மாமா இருபத்தஞ்சு?" என்ற வினா இன்றளவும் விடையின்றி நிற்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. அதை இவளைப்போல் கடைப்பிடித்தவரைக் கண்டதில்லை. புத்தகத்தின் முதுகில் பெயர் அச்சிட இடம் இருந்தாலே இவளுக்கு அது தடித்த புத்தகம்.

இனி உரை. 'நீல அட்டை' என்றதனால், நீலத்தாளில் அட்டை போட்டதும் கொள்க. 'மழை' கத்திரி வெயிலில் யாங்ஙனம் எனின், மொட்டை மாடித் தொட்டி வழிந்தபோது அதனடியில் குடைபிடித்துப் படித்தாள் ஆகலின் அமையும் என்க. (நூலகப் புத்தகம் ஊறிப் பருத்தது. தண்டம் கட்டியவன் ஆய்வாளன்.)

'தலைப்பில் விலங்கு', 'தலைப்பில் எண்' இரண்டுக்கும் அவள் கொண்டுவந்தது ஒரே நூல்: பாட்டியின் பாம்புப் பஞ்சாங்கம். பாம்பு சரி, எண் எங்கே என்றேன். "பஞ்சம்னா அஞ்சு மாமா. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம்." ஒரு புத்தகத்துக்கு ஒரு கட்டம்தான் என்று அட்டையில் எழுதாதது என் பிழை. விலக்காதது உடன்பட்டதாகும்.

முழுக்கப் படித்தாளா என்ற ஐயம் எனக்கு இருந்தது. வரிசை நிரம்பிய ஞாயிறன்று, மாலை ஐந்து மணிக்குப் பரிசு வாங்கக் கடைக்குப் புறப்பட்டோம். செருப்பை மாட்டியவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணி வரைக்கும் ராகு காலமாம்.