ஐஸ் டப்பாவுக்குப் பித்தளை வால்வு

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களைக் குடிகாரர்கள் என்று நினைப்பவர்கள் அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். குடியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அரை அங்குல வால்வு, சிலிக்கோன் வாஷர், நிப்பிள், ஹோஸ் கிளாம்ப் என்றே பேச்சு போகும். நான் குடியிருக்கும் போர்ட்லாந்தில் திரும்பின பக்கமெல்லாம் இந்தக் கூட்டம்தான். எல்லாரும் உள்ளூரக் குழாய்க்காரர்கள்; விதிவசத்தால் கணினி வேலைக்கும் வங்கி வேலைக்கும் போய்விட்டவர்கள். பீர் ஒரு சாக்கு.

அமெரிக்கச் சட்டமும் இந்தச் சாக்குக்கு இடம் கொடுக்கிறது. 1933-ல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் வைன் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறை தீர 1978 ஆயிற்று. கையெழுத்துப் போட்டவர் ஜிம்மி கார்ட்டர், வெள்ளை மாளிகை விருந்துகளில் விஸ்கி வகையறாவை நிறுத்திய மனிதர். அவருடைய தம்பி பில்லியோ முந்தைய வருடம்தான் தன் பெயரிலேயே ஒரு பீரைச் சந்தைக்கு விட்டிருந்தார். அண்ணன் தம்பிக்குள் இப்படியொரு பாகப்பிரிவினை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வயது வந்தவர் இருவர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 காலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர், காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. என் மனைவி பீர் குடிப்பதில்லை. ஆனாலும் அவள் பங்குக்கு 100 காலன் நம் கணக்கில் ஏறியிருக்கிறது என்று நன்றியோடு சொன்னேன். அவள் அதை நன்றியாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மால்ட் சாற்றைப் பாகாக டப்பாவில் விற்கிறார்கள். தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு, ஆறியதும் ஈஸ்ட் தூவினால் முடிந்தது. இதில் பெருங்குறை, குழாய் வேலை எதுவும் கிடையாது என்பது. ஆகவே கொஞ்ச நாளில் எல்லாரும், "தானியத்திலிருந்தே ஆரம்பித்தால் செலவு மிச்சம்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நானும் சொன்னேன். மனைவி, "எவ்வளவு மிச்சம்?" என்றாள். இந்தக் கேள்விக்கு இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் யாரும் பதில் சொன்னதில்லை.

தானியம் என்பது மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்து உடைத்த வாற்கோதுமை. அதைச் சுமார் 67 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். முளைவிடும்போது உண்டான நொதிகள் அந்தச் சூட்டில் விழித்துக்கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. 62, 63 பக்கம் இறங்கினால் பீர் இலேசாக, வறண்டு வரும். 70 பக்கம் ஏறினால் கனத்து, இனிப்பு தங்கிவிடும். இதையெல்லாம் காங்கேயத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். பீர் என்று சொல்லவில்லை, பார்லித் தண்ணி என்றேன்.

"இது நம்ம முளைகட்டுன ராகி மாவு சமாச்சாரந்தானே சாமி. உனக்கு ஊட்டுனதே அதுதான். கூழு கெட்டியாப் போச்சுன்னா அதுல ஒரு கரண்டி போட்டுக் கிண்டுனா இளகிப்போகும்."

பல்கலைக்கழகப் பாடப்புத்தகமும் இதைத்தான் சொல்கிறது, கொஞ்சம் சுற்றி வளைத்து. கடைசியில் அம்மா, "பார்லித் தண்ணி ஒடம்புக்கு நல்லது. தெனமும் குடி" என்று ஆசீர்வதித்தார். தாய் சொல்லைத் தட்டக்கூடாது.

அந்த ஒரு மணி நேரச் சூட்டை அடுப்பில் வைத்துக் காப்பாற்றினால் அடி பிடிக்கும், மேலே ஆறும். அதற்குத்தான் ஐஸ் டப்பா. ஆரஞ்சு நிறம், உருண்டை வடிவம், 10 காலன் கொள்ளளவு. சாலை போடுகிறவர்கள் லாரியின் பின்னால் கட்டிக்கொண்டு போவார்களே, அது. 1980-களில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி, ஜெயித்த சந்தோஷத்தில் பயிற்சியாளர் தலையில் டப்பாவோடு கவிழ்த்துப் பிரபலமாக்கியது.

"குளிருக்கு வெச்ச டப்பால சுடுதண்ணி ஊத்தினா எப்படிங்க நிக்கும்?" என்றாள் மனைவி. இரண்டு பிளாஸ்டிக் சுவர்களுக்கு நடுவே இருக்கும் நுரைக்குச் சூடு குளிர் என்ற பேதம் கிடையாது. எதையும் குறுக்கே போக விடாது, அவ்வளவுதான் அதன் கொள்கை என்றேன். மூடி மட்டும் பல டப்பாக்களில் வெறும் பொள்ளல். சூடு தப்பிப்பதெல்லாம் அந்த வழியாகத்தான். அதற்கு மேலே போர்த்துவதற்கு நம்மிடம் ஜமக்காளம் இருக்கிறது.

இனி அறுவை சிகிச்சை. டப்பாவோடு வரும் பொத்தான் குழாயை உள்ளே இருக்கும் மரையைத் திருகிக் கழற்ற வேண்டும். அந்த ஓட்டையில் அரை அங்குல நிப்பிளைச் செருகி, உள்ளே ஒரு வாஷர், வெளியே ஒரு வாஷர், வெளிமுனையில் பித்தளை வால்வு. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் சுவர் இரண்டு என்று சொன்னேனே, உள்வாஷர் ஒரு மயிரிழை மெலிந்தாலும் தண்ணீர் இரண்டு சுவருக்கும் நடுவே இறங்கி நுரையில் ஊறிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டப்பா மட்டும் நாளுக்கு நாள் எடை கூடும்.

வாஷர் வாங்கக் கடைக்குப் போனால் தனி ஆனந்தம். அடுக்கில் ஒரு வாஷரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சிப்பந்தி, "பாத்ரூமா, பீரா?" என்றார். கக்கூஸ் தொட்டிக்குத் தண்ணீர் போகும் குழாய் ஒன்றும் வாங்கினேன். அதன் மேலே பின்னியிருக்கும் எஃகு வலையை மட்டும் உருவி எடுத்து டப்பாவுக்குள் படுக்கப் போட்டால் வடிகட்டி தயார். இந்த மலிவு முறையைப் பரப்பியவர் எங்கள் மாநிலத்துக்காரரான டென்னி கான். அவருக்கு என் வணக்கங்கள். அந்தக் குழாயின் பூர்வீகத்தை மனைவி அட்டையில் படித்துவிட்டாள். புதுசுதான், இன்னும் பதவி ஏற்கவில்லை என்று சமாதானம் சொன்னேன்.

வால்வைப் பூட்டியது நான் அல்ல, பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வு பெற்ற பிளம்பர். கராஜ் கதவு திறந்திருந்தால் சத்தம் கேட்டு வந்துவிடுவார். நான் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதைப் பார்த்து, யாரோ அழுக்குக் கையால் இலை போட்டதைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, என்னிடமிருந்து வாங்கி அவரே சுற்றினார். பித்தளையின் மேல் ஈயம் படிந்திருக்கும், வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து சில நிமிடம் ஊறப்போடு என்றார். பித்தளை வெண்ணெய் நிறத்துக்கு மாறியது. அவருக்குச் சர்க்கரை வியாதி. பீரை மோந்துகூடப் பார்க்க மாட்டார். அது ஒரு பொருட்டாகவே அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

செய்வது கோதுமை பீர் என்று முடிவு செய்திருந்தேன். 1986-ல் வைட்மர் சகோதரர்கள் வடிகட்டாத கோதுமை பீரைக் கலங்கலாகவே விற்றுப் பெயர் வாங்கிய ஊர் போர்ட்லாந்து. கோதுமையில் ஒரு சிக்கல், வாற்கோதுமைக்கு இருக்கிற உமி அதற்குக் கிடையாது. அந்த உமிதான் டப்பாவின் அடியில் படிந்து வடிகட்டும் படுகையாகிறது. அது குறைந்தால் மாவு களியாகி அடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்தாகக் கடையில் அழகான பையில் நெல் உமி விற்கிறார்கள், பவுண்டு இரண்டு டாலருக்கு மேல். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊரில் பிறந்து, ஆலைக்குப் பின்னால் கொட்டிய உமியில் ஏறிச் சறுக்கி விளையாடியவன் நான். அட்டையைத் தேய்த்து உமி வாங்கினேன். அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏஞ்சாமி, வேலையெல்லாம் நல்லாத்தானே போகுது?"

காய்ச்சும் நாளில் 5 கிலோ தானியத்துக்கு 15 லிட்டர் தண்ணீர். தானியம் 20 டிகிரியில் இருந்தால் தண்ணீரை 73 டிகிரிக்குச் சற்று மேலே ஊற்ற வேண்டும். கலந்ததும் 67-க்கு வந்து நிற்கும். டப்பாவை முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்காவிட்டால் அந்தக் கணக்கை டப்பாவே குடித்துவிடும். வெப்பமானி வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில், ஆவி அடங்கித் தண்ணீரில் தன் முகம் தெரிகிற நேரம் பார்த்து மால்ட்டைக் கொட்டுவார்களாம். நானும் எட்டிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டுவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து ஜமக்காளத்தை விலக்கினால் சூடு ஒரு டிகிரிகூட முழுதாக இறங்கவில்லை. பெரியவர் வால்வைக் கால் திருகு திருகினார். முதலில் கலங்கல் வந்தது. அதை அள்ளி மேலேயே ஊற்றினோம். பிறகு தேன் நிறத்தில் தெளிந்து ஓடத் தொடங்கியது. பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வால்வின் அடியில் காகிதக் கைக்குட்டையை ஒற்றி, அது காய்ந்திருப்பதை எனக்குக் காட்டினார்.

அடுத்த வாரம் மகளின் பள்ளிக் கால்பந்து ஆட்டத்துக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுவருவதாக மனைவி பெயர் கொடுத்திருந்தாள். டப்பாவைத் தேடிவந்தவள், பித்தளை வால்வையும் உள்ளே சுருண்டு கிடக்கும் கக்கூஸ் வலையையும் மால்ட் வாசனையையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கார் சாவியை என் கையில் கொடுத்தாள். அதே ஆரஞ்சு, அதே 10 காலன், புதுசாக வாங்கிவந்தேன். செலவு மிச்சக் கணக்கை அன்றோடு மூடிவைத்தோம். ஆட்டம் முடிந்து காலி டப்பாவை இறக்கும்போது பெரியவர் வேலியோரம் நின்றிருந்தார். தானியத்தைக் கழுவும் வெந்நீருக்கு இன்னொரு டப்பா இருந்தால் மேலே கீழே அடுக்கிவிடலாம், பம்புகூட வேண்டாம் என்றார். கையில் குறடு வைத்திருந்தார்.