சாத்தாத கதவு

எண்பதுகளில் சென்னைப் புறநகரான பல்லாவரத்திலிருந்து காலேஜுக்குப் போய்வந்த எங்களுக்கு மீட்டர் கேஜ் யூனிட்தான் வண்டி. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், அதற்கேற்ற ஒடுங்கிய பெட்டி. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். வெள்ளிக்கிழமை சந்தை நாளில் கோழிக்கூண்டும் ரோஜாச் செடியும் பழைய சைக்கிள் சக்கரமும் நம்மோடு ஏறும். வாசல் திறந்தே கிடக்கும். அங்கே கம்பியைப் பிடித்து நிற்பதை எங்கள் வயது ஒரு தகுதியாகவே நினைத்தது.

1931-இல் தென்னிந்திய ரயில்வே கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலை விட்டபோது, வழியில் பாதி இடம் வயலும் ஏரியும்தான். ரயில் முதலில் வந்தது, அதை நம்பிக் குடித்தனங்கள் பின்னால் வந்தன. அந்த முன்யோசனையை இன்றைக்கும் வியக்கிறேன். ஏனென்றால் இப்போது வரிசை தலைகீழ். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தண்டவாளம் பக்கத்திலேயே ஓடியும், இறங்கிக்கொள்ள ரயில் நிலையம் அன்று இல்லை.

2004 ஜூலையில் மீட்டர் கேஜ் யூனிட் விடைபெற்றது. அகலப்பாதை வந்தது. பெட்டி விசாலமானது, ஒன்பது பெட்டி பன்னிரண்டானது. எல்லாம் மாறியும் வாசல் மட்டும் அப்படியே திறந்து கிடக்கிறது. காலை எட்டு மணிக்குப் பல்லாவரம் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். தாம்பரத்திலேயே நிரம்பிவிட்ட வண்டியில், முதுகில் பையோடு பிள்ளைகள் ஒற்றைக் காலில் தொங்குகிறார்கள். இதைத் தகுதி என்று இன்று என்னால் சொல்ல முடியாது. 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலையில், எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிடப்பட்ட திருமால்பூர் வண்டியில் தொங்கியவர்கள் பக்கச்சுவரில் மோதி இறந்தார்கள். அன்று போனவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் புறப்பட்ட இளைஞர்கள்.

2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு ஏ.சி. வண்டி வந்தது. அதன் கதவு தானே மூடிக்கொள்கிறது, மூடாமல் வண்டி நகராது. நல்ல வண்டி, வரவேற்கிறேன். ஆனால் சாதாரண வண்டியில் ஐந்து ரூபாயில் தொடங்கும் கட்டணம் அதில் முப்பத்தைந்தில் தொடங்குகிறது. குறைந்த கூலிக்குப் போகிறவர் அதில் தினமும் ஏறமாட்டார். தொங்குகிறவர் யாரோ அவருக்குக் கதவில்லை, தொங்க அவசியமில்லாதவருக்குக் கதவு. எண்பதுகளில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே திறந்த வாசல். இன்று பாதுகாப்புக்கே டிக்கெட் விலை வந்துவிட்டது.

இதற்கு வழி இருக்கிறது. 2025 ஜூனில் மும்பை அருகே மும்ப்ராவில் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து இறந்த பிறகு, ஏ.சி. இல்லாமலே தானாக மூடும் கதவுள்ள புறநகர் வண்டியைச் செய்வதாக ரயில்வே அறிவித்தது. கதவை மூடினால் மூச்சு முட்டும் என்பதுதான் இதுவரை சொன்ன தடை. அதற்காகக் கதவில் காற்றுப் பலகைகள், கூரையில் காற்றை உள்ளே தள்ளும் கருவி, நெரிசல் ஒரே இடத்தில் சேராமல் பெட்டிக்குப் பெட்டி நடந்துபோக வழி. சென்னை வெயிலுக்கும் நம் கூட்டத்துக்கும் இதைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை. கதவு மூட நிலையத்துக்கு நிலையம் சில விநாடிகள் கூடும் என்பார்கள். கூடட்டும். நெரிசல் நேரத்தில் இன்னும் சில வண்டிகள் விட்டால் அந்தத் தாமதத்தைச் சமாளிக்கலாம்.

ஏ.சி. வண்டியைச் செய்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை நம் பெரம்பூரில்தான் இருக்கிறது. அந்தக் கதவு வண்டியில் முதலாவது மும்பைக்கே போகட்டும். இரண்டாவது, காலை எட்டு மணிக்கு, சாதாரண சீசன் டிக்கெட்டுக்கு, பல்லாவரத்தில் நிற்க வேண்டும்.