பீட்சாவின் வாலுக்குப் பதினொரு புள்ளி

பெறுநர்:
சொற்பட்டியல் குழுவினர்,
ஸ்கிராபிள் ஆட்டம், வட அமெரிக்கா.

பொருள்: 'ஸா' என்னும் இரண்டெழுத்துச் சொல்லால் ஒரு தாய்மாமனுக்கு நேர்ந்த அவமானம் குறித்து.

ஐயா / அம்மா,

விடுமுறைக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த என் அக்கா மகன், சாக்லேட்டோடு உங்கள் ஆட்டப் பெட்டியையும் கொண்டுவந்தான். சாக்லேட் அன்றைக்கே தீர்ந்தது. வினை பெட்டியில் இருந்தது.

நான் 40 புள்ளி முன்னால் இருந்தேன். பையன் இசட் காயை எடுத்து, எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டத்தில் வைத்தான். அதன் வலப்பக்கம் ஒரு ஏ, கீழே ஒரு ஏ. "ஸா, மாமா. குறுக்கே முப்பத்தொண்ணு, நெடுக்கே முப்பத்தொண்ணு" என்றான். ஒரே காய், 62 புள்ளி!

"ஸான்னா என்னடா?"

"பீட்சா மாமா. அமெரிக்காவுல காலேஜ் பசங்க அப்படிச் சொல்லுவாங்களாம்."

"நீ சொல்லுவியா?"

"சேச்சே, நான் பீட்சான்னுதான் சொல்லுவேன்."

இந்தச் சொல் 2006-இல் உங்கள் போட்டிப் பட்டியலில் ஏறியது. அதில் இசட் உள்ள ஈரெழுத்துச் சொல் இது ஒன்றுதான். பத்துப் புள்ளிக் காயைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பவர்களுக்கு நீங்கள் செய்தது பேருபகாரம், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு உதைக்கிறது. முழுப் பீட்சாவைப் பலகையில் வைக்க ஐந்து காய் வேண்டும். நூறு காயில் இசட் ஒன்றே ஒன்று. இரண்டாவது இசட்டுக்கு வெற்றுக் காயைத்தான் வைக்க வேண்டும். அதற்குப் புள்ளி கிடையாது. ஆக, முழுசுக்கு 15, வாலுக்கு மட்டும் 11! ஓரத்துண்டுக்கு முக்கால் விலை கேட்டால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருவார்கள்.

இந்த ஆட்டத்தை உண்டாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் வேலையிழந்த கட்டடக் கலைஞர். 1930களில் செய்தித்தாளை விரித்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணிப் புள்ளி போட்டார். அரிதாக வருவதால் இசட்டுக்குப் பத்து. அந்த உழைப்பை இப்படியா வாரி இறைப்பது?

சொல்லின் பிறப்பிலும் கோளாறு இருக்கிறது. பீட்சாவை இத்தாலியரும் சரி, ஆங்கிலம் பேசுகிறவரும் சரி, 'ட்ஸா' என்றுதான் முடிக்கிறார்கள். இசட்டின் வண்டு ரீங்காரம் அதில் எங்குமே இல்லை. ஆனால் வெட்டி எடுத்த துண்டு மட்டும் ரீங்கரிக்கிறது. காதால் வெட்டாமல் கண்ணால் வெட்டிய சொல் இது. எங்கள் தெருமுனைக் கடைப் பலகையில் 'பீட்சா' என்று ஒழுங்காக எழுதியிருக்கிறது. அதன் வாலை வெட்டினால் வருவது 'சா'. தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

தலையை வெட்டி வாலைப் பரிமாறுவதுதான் முறையென்றால், இட்லியில் 'லி' மிஞ்சும், பரோட்டாவில் 'டா' மிஞ்சும். மதுரையில் ஏதாவது ஒரு பரோட்டாக் கடைக்குள் போய், மாஸ்டரைப் பார்த்து "ரெண்டு டா" என்று கேட்டுப் பாருங்கள். பரோட்டா வராது, வேறு ஏதாவது வரும்.

குட்டிச் சொற்கள்தான் வேண்டுமா? நன்னூல் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று கணக்கே கொடுத்திருக்கிறது. ஆ என்றால் பசு, கோ என்றால் அரசன். தீ, பூ, கை, நான் மேலே சொன்ன சா, எல்லாம் அதில் உண்டு. எதுவும் எதன் வாலும் அல்ல.

ஆகவே, 'ஸா'வை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை வாய்திறந்து சொல்லிப் பீட்சா வாங்குகிற ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அவர் என் காதுபட ஒருமுறை சொல்லட்டும். அதுவரை அந்த 62 புள்ளி நிலுவையில் இருக்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
40 புள்ளி முன்னால் இருந்த மாமா