கெண்டைக்காலுக்கு ஒரு கச்சேரி

வெள்ளிக்கிழமை இரவுகளில் பாட்டுக்குழு வாசிக்கிற பப், இங்கிலாந்தின் எந்த ஊரில் இருந்தாலும் சரி, அங்கே இவரைப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டிய வயது, பகலில் கௌரவமான உத்தியோகம், இரவில் கறுப்பு டி-ஷர்ட். தோளில் கித்தார் தொங்குகிறதே என்று, "எத்தனை வருஷமாக வாசிக்கிறீர்கள்?" என்று பேச்சுக் கொடுத்தால் முகம் வாடிப்போவார். "பெட்டிக்குள்ளே என்ன ஸ்பீக்கர்?" என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் உட்கார ஒரு நாற்காலி தேடிக்கொள்வது நல்லது.

நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களைச் சுமக்கிற, கறுப்பு வினைல் போர்த்திய மரப்பெட்டி அது. மேற்கு லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960களில் பிரபலப்படுத்திய வடிவம். கனம் 35 கிலோவுக்கு மேல். தூக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் எப்போதும் குழுவின் டிரம்காரர்தான். அவருடைய முதுகுவலிக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள உறவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெட்டிக்குள் இருக்கும் நால்வருக்கும் அடிக்கடி இலாகா மாற்றம் நடக்கும். போன வருஷம் நான்கும் கிரீன்பேக். அது 25 வாட்தான் தாங்கும், காந்தத்துக்குப் பச்சை மூடி. பிறகு வின்டேஜ் 30 வந்தது. இரண்டும் 1924-இல் தொடங்கிய செலஸ்டியன் கம்பெனியின் சரக்கு. வின்டேஜ் 30-இன் பெயரில் முப்பது இருந்தாலும் தாங்குகிற சக்தி 60 வாட். இந்தச் செய்தி தெரியாத ஒருவரைச் சந்தித்துவிட்டால் அன்றைக்கு நம்மவருக்குப் பண்டிகை.

இப்போது குறுக்கு முறை நடக்கிறது. மேலே இடமும் கீழே வலமும் வின்டேஜ் 30. மற்ற இரண்டு ஓட்டையிலும் ஜி12டி-75 என்ற இன்னொரு ரகம். ஒரே ஜாதியை மேல் வரிசையிலும் மற்றதைக் கீழேயும் வைத்தால், நிற்கிறவர் காதுக்கு மேல் வரிசை மட்டுமே எட்டும். குறுக்காக வைத்தால் எந்த வரிசையிலும் இரண்டும் உண்டு. நியாயமான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கும் அதே ஒரு வாட்டைக் கொடுத்துப் பார்த்தால், வின்டேஜ் 30 எழுப்புவது 100 டெசிபல், மற்றது 97. மூன்று டெசிபல் என்பது ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஆக, இரண்டு பேர் கத்துகிறார்கள், இரண்டு பேர் ஆமாம் போடுகிறார்கள். இதைச் சொன்னால், "கலவை என்பது அப்படித்தான்" என்பார்.

ஒயரிங் சாப்பாட்டு மேசையில் நடக்கும். 16 ஓம் ஸ்பீக்கர் நான்கையும் இரண்டிரண்டாகத் தொடரிலும் இணையிலும் கோத்தால் மொத்தமும் மறுபடி 16 ஓம்தான் வரும் என்பதைத் தாளில் போட்டுக் காட்டுவார். ஒன்றில் மட்டும் பிளஸ்-மைனஸ் மாறிப்போனால், மூன்று முன்னே தள்ளும்போது நான்காவது பின்னே இழுக்கும். பேஸ் மெலிந்துபோகும். அதனால் ஒவ்வொன்றிலும் டார்ச் பேட்டரியைத் தொட்டு, காகிதக் கூம்பு வெளியே துள்ளுகிறதா என்று பார்ப்பார். துள்ளும். அவரும் துள்ளுவார். எல்லாம் மாட்டி ஒரு சுருதி வாசித்ததும் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "போன வாரம் இருந்த மாதிரியேதான் இருக்கு" என்பார். அவரை மிகுந்த பரிவோடு பார்ப்பார் நம்மவர்.

பப்புக்கு வந்ததும் பெட்டியை நிறுத்தும் படலம். தரையில் வைத்தால் பேஸ் கூடும், சுவர் மூலைக்குத் தள்ளினால் இன்னும் கூடும், மேடேற்றினால் குறையும். எல்லாம் உண்மை. அதனால் டிரம்காரர் ஒரு சாண் இப்படியும் அரைச் சாண் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருப்பார், முதல் வாடிக்கையாளர் உள்ளே வரும்வரை.

நம்மவர் ஒன்றை மட்டும் நகர்த்த மாட்டார், தன்னை. 12 அங்குலக் கூம்பிலிருந்து கீச்சான ஒலிகள் பக்கவாட்டில் பரவுவதில்லை. ஒடுங்கி நேரே பாயும். பெட்டிக்கு நான்கடி முன்னால் நிற்கிற இவருடைய கெண்டைக்காலுக்குத்தான் அசல் கச்சேரி. காதுக்கு எட்டுவது மழுங்கல். ஆகவே ட்ரெபிளைக் கூட்டுவார். கெண்டைக்கால் குறை சொல்லாது. எதிர் மேசையில் பீரோடு உட்கார்ந்திருப்பவர் முகம் சுளிப்பார். பெட்டியைச் சற்று மல்லாத்தி வைத்தால் தீர்ந்துபோகும் விஷயம் இது. ஃபெண்டர் கம்பெனி 1960களிலேயே சாய்த்து நிறுத்த ஆம்ப்ளிஃபையரில் கால் வைத்துக் கொடுத்தது. "சாய்த்தால் தரையோடு தொடர்பு அறுந்துவிடும்" என்று மறுத்துவிடுவார்.

அவர் எதிரில் 1964-ஐப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அந்த வருஷம் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கிழித்து, அந்தக் கரகரப்போடு ‘யூ ரியலி காட் மீ’ பாட்டுக்கு வாசித்தார். பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எந்த ஸ்பீக்கரை எந்தப் பக்கம் வைப்பது என்று அந்தப் பையன் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரிய பப்பாக இருந்தால் மைக் வைப்பார்கள். ஒலி பார்க்கும் இளைஞன் எஸ்எம்57 ஒன்றைக் கொண்டுவந்து நான்கில் ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்துவான். ஒன்றே ஒன்றுக்கு. கூடத்தில் பெரும்பாலோர் கேட்கப்போவது அதை மட்டும்தான். "ஏன் கீழே வலப்பக்கம்?" என்று நம்மவர் குரல் நடுங்கக் கேட்பார். "கேபிள் அதுவரைதான் எட்டுது" என்பான் பையன்.

இப்படிப்பட்டவர் வாசிக்கிற இடத்துக்கு நீங்கள் போக நேர்ந்தால், பெட்டிக்கு நேர் எதிரே இருக்கும் மேசை காலியாகக் கிடக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு நாற்காலி பக்கவாட்டில் தள்ளி உட்காருங்கள். அங்கே மனிதர் நன்றாகவே வாசிக்கிறார்.