கேட்டுவிட்டுத் தொடுங்கள்

கேள்வி: நாரிநோவுக்கு என்னிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்த அம்மா, முதுகில் கை வைத்ததும் விம்மி அழுதார். என் பிழையா? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: கை வைத்தது பிழையில்லை. "அழுதால் பாரம் குறையும்" என்று மேலும் அழுத்தியிருந்தால் பிழை. கையை எடுங்கள், போர்த்திவிடுங்கள், எழுந்திருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். "தொடரவா, இன்றைக்குப் போதுமா?" என்று கேளுங்கள். வாவியின் படுவான்கரையோ எழுவான்கரையோ, அந்த வயதுக்காரர்கள் 1990இன் போரையும் கண்டவர்கள், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்டவர்கள்.

கேள்வி: என்ன நடந்தது என்று விசாரிக்கலாமா? (கல்லடி)

பதில்: வேண்டாம். மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகம் முன்னின்று தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போர் தின்ற ஊர்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் களிமண்ணும் வண்ணமும் நாடகமும்தான் கொடுத்தார்கள். வந்தவர் தானாகச் சொன்னால் கேளுங்கள். கிண்டாதீர்கள்.

கேள்வி: சண்டை 2009இல் முடிந்துவிட்டதே, இன்னுமா? (ஏறாவூர்)

பதில்: இன்னும்தான். மகன் திரும்பாத வீட்டில் அது எப்படி முடியும்? மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் இங்குள்ள அம்மன் கோயில்களில் கண்டதை எழுதியிருக்கிறார். காணாமல்போனவர் பட்ட நோவைத் தெய்வமாடும் பெண்கள் தங்கள் உடம்பில் உணர்ந்து சொன்னார்கள். உறவினர் அதைக் கேட்கக் காத்திருந்தார்கள். நோவுக்கு உடம்பே வாய் என்பதை நம் ஊர் அறியும்.

கேள்வி: சித்தமருத்துவத்தின் பிடிமுறையான தொக்கணம் போரில் நொந்தவர்களுக்கு ஆகுமா? (வாழைச்சேனை)

பதில்: ஆகும், ஆனால் ஒன்பது வகையும் எல்லோருக்கும் ஆகாது. இறுக்கல், முறுக்கல், கைகட்டல் என்று அதில் உண்டு. தடுப்புக்காவலில் கட்டுண்டு கிடந்தவருக்கு அந்தப் பிடி மருந்தல்ல, பழைய சிறையறை. மெல்லத் தேய்ப்பதில் தொடங்குங்கள். அடுத்து எங்கே தொடப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். குப்புறப் படுக்க விரும்பாவிட்டால் உட்கார்ந்தபடியே செய்யலாம். தலைமாட்டில் சத்தமில்லாமல் போய் நிற்காதீர்கள். இதை எத்தனை தரம் எழுதினாலும் தகும்.

கேள்வி: கதவைச் சாத்தவா? (கொக்கட்டிச்சோலை)

பதில்: அவரைக் கேளுங்கள். துணைக்கு வந்தவர் கூடவே இருக்கட்டும்.

கேள்வி: ஒரு தாய் என்னை "மகன்" என்கிறார். என்னைத் தவிர யாரிடமும் போகமாட்டாராம். இரவிலும் போன் எடுக்கிறார். பெருமையாக இருக்கிறது. (பட்டிருப்பு)

பதில்: அந்தப் பெருமையில்தான் எனக்குப் பயம். "மகன்" என்று கூப்பிடட்டும், ஆனால் இழந்த மகனின் இடத்தில் நீங்கள் ஏறி உட்காராதீர்கள். நாளும் நேரமும் கூலியும் முன்போலவே இருக்கட்டும். இரவில் மனம் தாங்காவிட்டால் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைக்கலாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கும் போகலாம் என்று சொல்லுங்கள். தனியே போகத் தயங்கினால் துணைக்கு உறவினர் ஒருவரைப் பிடித்துக் கொடுங்கள். கையோடு, வழமையான கிழமையில் எண்ணெய் தேய்க்க வரலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.