தீவைச் சுற்ற ஒரு சைக்கிள்

கேள்வி: கையில் 2,500 ரிங்கிட் இருக்கிறது. பினாங்குத் தீவைச் சுற்றிவர, வருடக்கணக்கில் உழைக்கும் ரோட் பைக் வேண்டும் ஐயா. கார்பன் வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், பாயான் பாரு

பதில்: கார்பன் ஆசையைச் சம்பள உயர்வு வரை தள்ளிப்போடுங்கள். இந்த விலைக்குக் கார்பன் கிடைத்தால், பிரேம் பணக்காரனாக இருக்கும். சக்கரமும் பிரேக்கும் அதன் கடன்காரர்களாக இருக்கும்! அலுமினிய பிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ கிளாரிஸ் கியர் போதும். பின்னால் 8 பல்சக்கரம்தான், ஆனால் தேய்ந்த சங்கிலியை மாற்றும்போது பர்ஸ் அழாது.

கடையில் நிறத்தைப் பார்க்குமுன், 32 மில்லிமீட்டர் டயர் நுழையுமா என்று கேளுங்கள். குறைந்தது 28. மெல்லிய டயரில் ஒவ்வொரு குழியும் இடுப்பில் கையெழுத்துப் போடும். பாலிக் புலாவிலிருந்து தெலுக் பகாங் போகும் மலைப்பாதைக்காக, பின்னால் 32 பல்லாவது இருக்கட்டும். அங்கே கௌரவம் காப்பது கால் அல்ல, கியர்தான்.

பிரேம் அளவு உடம்புக்குப் பொருந்தாவிட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஹெல்மெட், விளக்கு, பம்பு, ஸ்பேர் ட்யூபுக்கு 300 ரிங்கிட் ஒதுக்குங்கள். கடற்காற்றும் மழையும் சேர்ந்த ஊர் நம்முடையது. ஓட்டி வந்ததும் நீங்கள் பசியாறுமுன் சங்கிலியைத் துடைத்து அதற்கு எண்ணெய் கொடுங்கள்.

பெருநிலத்துக்கும் ஓட்ட ஆசையா? பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. ஜார்ஜ்டவுன் போய் பட்டர்வொர்த் ஃபெரியில் ஏற்றுங்கள். கால்களுக்கும் கொஞ்சம் ஓய்வு.