பருவத்துக்கு ஒரு சாக்கு

இமாசலப் பிரதேசம், குல்லு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன் ஆற்றுக்கு எத்தனை பருவம் என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் நாலு, ஐந்து என்பார்கள். என் மச்சான் கணக்கு வேறு. மீன் சிக்காததற்கு எத்தனை காரணம் உண்டோ, அத்தனை பருவம்.

மச்சான் அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றுச் சண்டிகரிலேயே தங்கிவிட்டவர். பிறந்தது காவிரிக்கரை. மண்புழுவைக் கோத்துப் போட்டு, தக்கை முங்கியதும் சுண்டினால் கெண்டை வரும் என்ற எளிய ஞானத்தோடு வளர்ந்தவர். அதையெல்லாம் உதறிவிட்டு இப்போது 'ஃப்ளை ஃபிஷிங்'கில் இறங்கியிருக்கிறார். இதில் புழு கிடையாது. முள்ளில் நூலையும் இறகையும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும். மீன் அதை நம்ப வேண்டும். அந்தப் பூச்சிக்கு எடையே இல்லாததால் வீசினால் போகாது. கனமான லைனைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் ஆட்டி வீசினால், அது பூச்சியையும் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் மரம் இருந்தால் முதலில் மரம்தான் மாட்டும். தீர்த்தன் கரையில் மரத்துக்குப் பஞ்சமில்லை.

பூச்சியை அவரே கட்டுவார். முள்ளைச் சின்ன இடுக்கியில் பொருத்தி, உடம்புக்கு மயில்தோகை இழை, கழுத்துக்குச் சேவல் பிடரி இறகு, கடைசியில் ஒரு முடிச்சு. முடிந்ததும் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும்.

"மாப்ளே, முருகனோட வாகனமும் இருக்கு, கொடியும் இருக்கு. வேற என்ன வேணும்?" என்பார். மீன் வேணும் என்று நான் சொல்வதில்லை. சம்பந்தி வீட்டு மரியாதை.

மீனுக்கும் இது சொந்த ஊர் இல்லை. ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட் அது. ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலேறி 1900-இல் காஷ்மீரில் குடிபுகுந்து, 1909-இல் குல்லுப் பக்கம் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்தது. அவர்கள் போய்விட்டார்கள்; மச்சான் போன்றவர்களுக்குப் பொழுது போய்க்கொண்டிருக்கிறது.

மார்ச்சில் சீசன் தொடங்கும். "தண்ணி ஐஸ், மாப்ளே. மீன் ஆழத்துல முடங்கிக் கிடக்கும்." மே, ஜூனில், "பனி உருகி வருது, தண்ணி ஏறிடுச்சு." ஜூலை, ஆகஸ்டில் கேட்கவே வேண்டாம்; ஆறு டீ நிறத்தில் புரண்டு ஓடும். செப்டம்பர் கடைசியில் மழை ஓய்ந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரிகூடத் தெரியும். "ரொம்பத் தெளிஞ்சுடுச்சே. நம்மளைப் பார்த்துடும்."

இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும்; அதனால் கீழிருந்து மேலாக, திருடன் மாதிரி பின்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும். அது சாப்பிடுவதும் பெரும்பாலும் தண்ணீருக்கடியில். ஒருநாள் மச்சான் கரையோரக் கல் ஒன்றைப் புரட்டிக் காட்டினார். அடியில் மூன்று வாலுள்ள தட்டைப் பூச்சி ஒன்று கல்லோடு கல்லாக ஒட்டி நழுவியது. பக்கத்தில், மணலைத் துகள் துகளாக ஒட்டிக் கட்டிய குழாய் வீட்டுக்குள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டியது.

"இவ்வளவு நிஜச் சாப்பாடு இருக்கறப்போ, நம்ம பூச்சியை அது எதுக்குத் திங்கணும்?" என்று அவரே கேட்டார். நான் பல நாளாகக் கேட்க நினைத்த கேள்வி.

போன அக்டோபரில் நிஜமாகவே ஒன்று மாட்டியது. பொன்பழுப்பு உடம்பு, விலாவில் வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். உலர்ந்த கை பட்டால் மேல்படலம் போய்விடும் என்று கையை நனைத்துக்கொண்டு ஏந்தினார், பார்த்தார், ஆற்றிலேயே விட்டுவிட்டார்.

"இவ்வளவு செலவு பண்ணிப் பிடிச்சதை விட்டுட்டா வந்தீங்க?" என்று போனில் அக்கா கேட்டதற்கு, "அதுதான் இதுல தர்மம்" என்றார். ராத்திரி விடுதியில் பொரித்து வைத்தது பண்ணையில் வளர்ந்த ரெயின்போ ட்ரவுட். தர்மவான் இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கினார்.

நவம்பர் முதல் பிப்ரவரி முடிய, பழுப்பு ட்ரவுட் முட்டையிடும் காலம் என்பதால், இமாசலத்தில் ட்ரவுட் பிடிக்கத் தடை. மச்சானுக்கு மிகவும் பிடித்த பருவம் இதுதான். மீன் ஏன் சிக்கவில்லை என்று யாரும் கேட்க முடியாது. சாக்கை அரசாங்கமே சட்டமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறது. மார்ச் நெருங்கும்போதுதான் முகம் வாடும். தடை நீங்கிவிடும், மறுபடி சொந்தமாக யோசிக்க வேண்டும்.